முதல் ரயிலும் முப்பது இணைப்புகளும்

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அப்படி வருவதை நான் எடுப்பதில்லை. அன்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து ஒருவரிடமும் பேசியிருக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

"அந்தோணி அங்கிளா? என் பேர் தீபா. நீங்க ரிட்டயர் ஆன ஆபீஸ்ல வேல பாக்குறேன். ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"சொல்லும்மா."

"இங்க எல்லா சர்வரையும் க்ளவுடுக்கு மூவ் பண்றோம். பழைய செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரு லைன் இருக்கு அங்கிள். ஐம்பது நிமிஷம்னு போட்டு, பக்கத்துல 'எடுக்காதீர்கள், அந்தோணியைக் கேளுங்கள்'னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. இத எடுத்துரலாமா? ஏன் போட்டீங்கன்னு இங்க யாருக்கும் தெரியல. சரவணன்தான் உங்க நம்பர் குடுத்தார்."

சரவணன் என் எண்ணை இன்னும் வைத்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காரணத்தைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "இத அப்படியே எழுதி அனுப்ப முடியுமா அங்கிள்? புதுசா வர்றவங்களுக்கு யூஸ் ஆகும்" என்றாள். எழுத உட்கார்ந்தேன். அவளுக்கு வேண்டியது ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. அதை அனுப்பிவிட்டேன். மீதி இது.

நான் படித்தது பிளஸ் டூ. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன், கம்ப்யூட்டர் வந்ததும் அதில் சரக்குப் பட்டியல் அடித்தேன். என் மனைவி ரெஜினா நர்ஸ். அவளுக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்தது. நான் அவளோடு வந்தவன். அங்கே எடிசன் என்ற ஊரில் ஒரு மளிகைக் கடையில் இரண்டு வருடம் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டே மாலையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். பிறகு பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ஓர் அலுவலகத்தில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. முதியோர் இல்லங்கள் மருந்துக்கு ஆர்டர் போடும் இணையதளத்தை அந்த அலுவலகம் நடத்தியது. திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது, சிவப்பு வந்தால் உரியவரைக் கூப்பிடுவது, நடந்ததைக் குறித்து வைப்பது. இதுதான் என் வேலை. சுற்றிலும் இருந்தவர்கள் எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள். நான் அதிகம் பேசமாட்டேன்.

அந்தத் தளத்தில் இரண்டு வகை சர்வர்கள் இருந்தன. முன்னால் வெப் சர்வர். வருகிறவர்களை வாங்கி வைத்துக்கொள்வது அது. உள்ளே ஆப் சர்வர். கணக்குப் பார்த்து, மருந்து இருக்கிறதா என்று தேடி, பதில் தருவது அது. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னது உள்ளதைப் புதிதாகக் கூப்பிட்டால் நேரம் வீணாகும். அதனால் முப்பது இணைப்புகளை எப்போதும் திறந்தே வைத்திருக்கும்.

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தூத்துக்குடி அலுவலகத்தில் சென்னைக்கு டிரங்க் கால் கிடைப்பது பெரும்பாடு. கப்பல் வரும் நாளில் ஒருமுறை கிடைத்துவிட்டால் வைக்கமாட்டோம். இரண்டு பக்கமும் ரிசீவரை மேஜைமேல் படுக்க வைத்திருப்போம். தேவைப்படும்போது எடுத்து "சார்" என்றால் அந்தப் பக்கம் ஆள் இருப்பார். சில நாள் எக்ஸ்சேஞ்சில் எங்களுக்குத் தெரியாமல் லைனை எடுத்துவிடுவார்கள். நாங்கள் உயிரில்லாத ரிசீவரில் "சார், சார்" என்று கத்திக்கொண்டிருப்போம்.

அமெரிக்காவிலும் அதேதான் நடந்தது. நான் சேர்ந்து சில வருடம் கழித்து, பாதுகாப்புக்காக இரண்டு சர்வர்களுக்கும் நடுவில் ஒரு ஃபயர்வால் வைத்தார்கள். ஒரு மணி நேரம் பேச்சில்லாத இணைப்பை அந்த ஃபயர்வால் மறந்துவிடும். மறந்ததை இரண்டு பக்கத்துக்கும் சொல்லாது. எங்கள் தளத்துக்கு இரவு எட்டுக்கு மேலும் சனி, ஞாயிறிலும் யாரும் வருவதில்லை. காலையில் முதலில் வரும் நர்ஸ் பட்டனை அழுத்துவார். வெப் சர்வர், இணைப்பு இருக்கிறது என்று நம்பி அதில் கேள்வியை அனுப்பும். பதில் வராது. மூன்று நிமிடம் காத்திருந்து, பிறகுதான் அந்த இணைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று திறக்கும். முப்பதும் அப்படித் தீரும்வரை பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதை முதலில் கண்டவன் நான். எடிசனிலிருந்து முதல் ரயிலில் வருவேன். ஆறே முக்காலுக்கு அறையில் நான் மட்டும்தான். ஒருநாள் சும்மா ஆர்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சுற்றியது. இன்னொன்று திறந்தேன். அதுவும் சுற்றியது. மூன்று நிமிடம் கழித்துப் பிழை வந்தது. மறுபடி திறந்தால் உடனே வந்தது. நாலைந்து நாளில் விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு திரைகளில் முப்பது ஜன்னல்களைத் திறந்து, மூன்று நிமிடம் காத்திருந்து, எல்லாவற்றையும் மறுபடி திறந்தால் முப்பதும் புதிதாகிவிடும். ஏழரைக்கு நர்ஸுகள் வரும்போது தளம் பளிச்சென்று இருக்கும். மனதுக்குள் இதற்குக் கதவு தட்டுவது என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

முறைப்படி செய்திருக்க வேண்டியது வேறு. வெப் சர்வரை மறுதொடக்கம் செய்ய ஒரு படிவம் நிரப்ப வேண்டும். காரணத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கூட்டத்தில் கேட்டால் எழுந்து சொல்ல வேண்டும். முதல் மாதம் அந்தப் பயத்தில் சொல்லவில்லை. கிக்கர் மிதித்து ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவனுக்கு, காலையில் நாலு மிதி மிதிப்பது கோளாறாகவும் படவில்லை. பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. அதற்கும் பிறகு வந்த காரணத்தை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன். ரெஜினாவுக்கு இரவு ஷிஃப்ட். நான் கிளம்பும்போது அவள் வந்திருக்கமாட்டாள். மகள் கலிபோர்னியாவில், சான்டா கிளாராவில். அந்த முப்பது கதவுகள் எனக்காகக் காத்திருந்தன. மூன்று வருடம் ஒரு வேலைநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ரெஜினா தனியாகத்தான் ஊருக்குப் போய்வந்தாள்.

என் மேலதிகாரி கோமதி. கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். இங்கே எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வராது. மேடம் என்றால், "இங்க யாருங்க மேடம்?" என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். அதனால் அவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேஜை பக்கத்தில் போய் நிற்பேன். அவரே நிமிர்வார். எது நடந்தாலும் கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதுவார். மூன்று கேள்விதான் கேட்பார். என்ன பாத்தீங்க? எப்பப் பாத்தீங்க? அப்புறம் என்ன பண்ணுனீங்க? ஏன் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டால் ஆட்கள் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்பார்.

சரவணன் மதுரைக்காரன். ஆப் சர்வருக்கான நிரல் எழுதுகிறவன். முப்பத்துநாலு வயது, விசாவில் இருந்தான். வேலை போனால் அறுபது நாளில் ஊரைப் பார்க்கப் போக வேண்டியதுதான். மனைவி, டேகேரில் ஒரு குழந்தை. தினமும் பன்னிரண்டரைக்கு நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். பேச்செல்லாம் அவனுடையது.

"அண்ணே, நெசமா சொல்லுங்க. அந்த ஃபர்ஸ்ட் டிரெயின நீங்கதான எறங்கித் தள்ளிவிடுறீங்க?"

"சும்மா இருப்பா."

"ஊரே தூங்குது, இவரு ஆறரைக்கு ஆபீஸ் தொறக்குறாரு. உள்ள யாரு இருக்கா, அப்துல் கலாமா?" என்று சொல்லிவிட்டுத் தன் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சாதத்தை என் மூடியில் வைப்பான். நான் மீன் குழம்பு கொண்டுபோன நாளில் கேட்காமலே எடுத்துக்கொள்வான். அமெரிக்காவில் என் டப்பாவுக்குள் கைவிட்ட ஒரே ஆள் அவன்தான்.

ஒரு சனிக்கிழமை அவன் எழுதிய புதிய பதிப்பை ஏற்றினார்கள். சோதித்துப் பார்த்தார்கள். சரியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை என் ரயில் நியூ பிரன்ஸ்விக் தாண்டி நின்றுவிட்டது. மேலே மின்கம்பி அறுந்துவிட்டது என்று அறிவித்தார்கள். வெளியே வெறும் மரங்கள். ஏழு ஆயிற்று. ஏழேகால். யாரிடமாவது போனில் சொல்லி முப்பது ஜன்னல் திறக்கச் சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழரைக்கு அது அதிர ஆரம்பித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதாகிவிட்டது. நர்ஸுகள் பக்கம் வரவில்லை என்று மறுபடி மறுபடி அழுத்தியதில் எல்லாம் நெரிசலாகி, கடைசியில் தொலைபேசியில் ஆர்டர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மருந்து வண்டிகள் தாமதமாகக் கிளம்பின. எட்டரைக்குச் சரவணனின் பதிப்பை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டிருந்தார்கள். போடும்போது இரண்டு சர்வர்களையும் மறுதொடக்கம் செய்தார்கள். முப்பது இணைப்புகளும் புதிதாகிவிட்டன. தளம் சரியாகிவிட்டது.

பதிப்பை எடுத்தார்கள், சரியானது. ஆகவே பதிப்புதான் கோளாறு. அங்கிருந்த அத்தனை படித்தவர்களும் அப்படித்தான் முடிவு செய்தார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அன்று பன்னிரண்டரைக்குச் சரவணன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். "நாலு தடவ பாத்துட்டேண்ணே. என் ப்ரோக்ராம்ல ஒண்ணுமே இல்ல. ஆனா ரோல்பேக் பண்ணி பழசப் போட்டா ஒர்க் ஆகுது. நான் என்னன்னு சொல்றது?"

"சாப்பிடுப்பா. எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

அவன் சாப்பிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் ரயிலில் போய், முப்பது கதவுகளையும் தட்டினேன். வேறென்ன செய்வது? தட்டாவிட்டால் நர்ஸுகளுக்கு மறுபடி கஷ்டம். ஏழரைக்குத் தளம் சுத்தமாக இருந்தது. ஒன்பது மணிக் கூட்டத்தில் பெரிய மேலாளர், பழைய பதிப்பில் இன்று ஒரு பிரச்சினையும் இல்லை, பார்த்தீர்களா என்றார். நான் தட்டியதே அவனுக்கு எதிரான இரண்டாவது சாட்சியாகிவிட்டது. புதனும் அப்படியே. அன்று காலை சரவணன் தன் மேஜை இழுப்பறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்வார்கள் என்று பேச்சு.

புதன்கிழமை மதியம் கோமதியின் மேஜை பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்தார்.

"சொல்லுங்க அந்தோணி."

"திங்கக்கெழம நடந்தது சரவணனால இல்ல" என்றேன்.

அவர் நோட்டை எடுத்தார். பென்சிலை எடுத்தார். "உக்காருங்க. என்ன பாத்தீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஃபயர்வால், முப்பது இணைப்புகள், மூன்று நிமிடம், மூன்று வருடம். அவர் எழுதிக்கொண்டே வந்தார். மூன்று வருடம் என்றபோது பென்சில் கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினார்.

"நீங்க சொன்னாப் போதாதுங்க. காட்டணும்."

சோதனைக்கென்று தனியாக ஒரு ஜோடி சர்வர்கள் இருந்தன. அவற்றின் நடுவிலும் அதே ஃபயர்வால், இணைப்பு மட்டும் ஒன்றே ஒன்று. பழைய பதிப்பை அதில் போடச் சொன்னார். சரவணன் எழுதிய ஒரு வரிகூட இருக்கக்கூடாது என்றார். யாரும் தொடக்கூடாது என்று குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினார். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு வரமாட்டேன் என்று இன்னொன்று. ஒரு சின்ன அறையில் உட்கார்ந்தோம். இரண்டு மணி ஐந்துக்கு நான் பக்கத்தைத் திறந்தேன். உடனே வந்தது. அவர் நேரத்தைக் குறித்தார். இனி ஒரு மணி நேரத்துக்கு மேல் எதையும் தொடாமல் இருக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் நோட்டில் ஒரு கோடு போட்டார். பையிலிருந்து வறுத்த வேர்க்கடலை டப்பாவை எடுத்து நடுவில் வைத்தார். ஒவ்வொன்றாகத் தின்றோம். மூன்றாவது கோட்டுக்குப் பிறகு கேட்டார்.

"மூணு வருசமா லீவே போடலீங்களா?"

"இல்ல."

"வூட்ல ஒண்ணும் சொல்லலீங்களா?"

"அவளுக்கு நைட் ஷிஃப்ட். ரெண்டு பேரும் பாத்துக்கிறதே ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறப்பதான்."

அவர் இன்னொரு கடலையை எடுத்தார். "தப்புப் பண்ணுனா நான் யாரையும் திட்டறதில்லீங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். அலாரம் அடிச்சிட்டே இருந்திருக்கு. நீங்க மூணு வருசம் அத கையால பொத்திப் புடிச்சிருக்கீங்க. சத்தம் வெளிய கேக்கலீன்னு எல்லாரும் நிம்மதியா இருந்துட்டோம்" என்றார்.

மூன்று மணி பத்துக்கு, "இப்ப அமுக்குங்க" என்றார். அமுக்கினேன். பக்கம் சுற்றியது. இருவரும் அந்தச் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் ஒரு கோளாறு வர வேண்டும் என்று அப்படி வேண்டிக்கொண்டதில்லை. மூன்று பதின்மூன்றுக்குப் பிழை வந்தது. மறுபடி அமுக்கினேன். உடனே பக்கம் வந்தது. அவர் நேரத்தை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

"நாளைக்குக் கான்ஃபரன்ஸ் கால்ல நீங்கதான் சொல்லோணும்."

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா..."

"மூணே கேள்விதானுங்க. அதுக்குப் பதில் உங்ககிட்ட இருக்குது."

வியாழக்கிழமை சொன்னேன். பதினேழு பேர் இருந்த அழைப்பு. எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன். முடித்ததும் யாரோ ஒருவர், மூன்று வருடமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு எழுத்துமூலம் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. நியாயமானதுதான். சரவணன் மீதான பேச்சு அன்றே முடிந்தது. அவன் பதிப்பை அடுத்த சனிக்கிழமை மறுபடி ஏற்றினார்கள். அதோடு அந்த ஒரு வரியும் சேர்ந்தது: ஐம்பது நிமிடம் சும்மா இருக்கும் இணைப்பை வெப் சர்வர் தானே மூடிவிட வேண்டும். ஃபயர்வால் அறுபதில் மறக்கும். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் நாமே மூடிவிட்டால் உயிரில்லாத இணைப்பு என்று ஒன்று இருக்காது. கோமதி என்னையே அந்த வரியை அடிக்கச் சொன்னார். பக்கத்தில் என் பெயரையும் போடச் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு அறைக்குப் போனேன். சரவணனும் டப்பாவோடு வந்தான். உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? திங்கக்கெழம நான் சாப்பிடாம இருந்தப்ப, சாப்பிடு, சரியாயிடும்னீங்க. அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"செவ்வாக்கெழமயும் எதுத்தாப்புல உக்காந்து சாப்ட்டீங்க. என் பொண்டாட்டி பொட்டி கட்டணுமான்னு கேட்டு அழுதான்னு சொன்னேன். அப்பவும் தெரியும்."

நான் தலையை ஆட்டினேன்.

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "சரிண்ணே" என்றான். டப்பாவை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போய்விட்டான். அதன்பின் அதே கட்டடத்தில் ஐந்து வருடம் இருந்தோம். நடையில் பார்த்தால் "குட் மார்னிங்ண்ணே" என்பான். ஒரு நாளும் முகத்தைத் திருப்பியதில்லை. ஒரு நாளும் எதிரே உட்கார்ந்ததும் இல்லை.

ஐம்பது நிமிட வரி சேர்ந்த பிறகு வந்த திங்கட்கிழமை, பழக்கத்தில் முதல் ரயிலில் போய்விட்டேன். ஆறே முக்காலுக்கு ஒரே ஒரு ஜன்னலைத் திறந்தேன். பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. இன்னொன்று திறந்து பார்க்கத் தேவையில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஏழரைவரை உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் ரயிலை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஆபரேட்டர் அறையை மூடினார்கள். எங்களைச் சீக்கிரமே ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். கோமதி அதற்கு முன்பே டெக்சஸ் போய்விட்டார்.

தீபாவிடம் சொன்ன பதில் இதுதான். அந்த வரியை எடுத்துவிடலாம். ஆனால் புதிய இடத்தில் நடுவில் நிற்பது எது, அது எத்தனை நிமிடத்தில் மறக்கும் என்று முதலில் பார்த்துவிடு. நீ அதைவிட முன்னால் மூடிக்கொள். அவள் குறித்துக்கொண்டாள். வைக்கும் முன், "சரவணன்கிட்ட எதுவும் சொல்லணுமா அங்கிள்?" என்று கேட்டாள்.

என்ன சொல்வது? "சாப்பிட்டாச்சான்னு கேளும்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். "எங்கப்பாவும் போன் பண்ணா இதேதான் அங்கிள்."

அன்று மாலை அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. "கேட்டேன் அங்கிள். அவர் சாப்ட்டாரான்னு கேட்டுச் சொல்லுன்னார். தன் நம்பரையும் உங்களுக்கு அனுப்பச் சொன்னார்." கீழே எண் இருந்தது. என்னிடம் இருக்கும் அதே எண்தான். மாற்றவே இல்லை.

தீபாவுக்கு அனுப்பிய பக்கத்தில் ஃபயர்வாலைப் பற்றி இருக்கிறது. ஐம்பது நிமிடத்தைப் பற்றி இருக்கிறது. திங்களும் செவ்வாயும் நான் சரவணனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டது எதிலும் இல்லை. அதனால் இங்கே எழுதிவிட்டேன்.

இன்று ரெஜினா உள்ளே தூங்குகிறாள். மணி பன்னிரண்டரை. நேற்று வைத்த மீன் குழம்பு இருக்கிறது, இன்னும் சூடு பண்ணவில்லை. சரவணன் கேட்டதற்கு ஆறு நாளாகப் பதில் அனுப்பவில்லை. இந்த முறை உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட வேண்டும் என்று எண்ணை அழுத்துகிறேன். இன்னும் சாப்பிடலப்பா.